எடைப் பட்டியலைச் சுவரிலிருந்து அகற்றுங்கள்: பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், தலைமை ஆசிரியர் ஆகியோருக்கு,

6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள எல்லா மாணவர்களையும் மாதந்தோறும் எடை பார்த்து, ஒவ்வொருவரின் எடையையும், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண்ணையும் (BMI) வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதென்றும், பருவ முடிவில் எடையை மிக அதிகமாகக் குறைத்த மாணவருக்கும் மாணவிக்கும் கோப்பை வழங்குவதென்றும் நீங்கள் முடிவெடுத்திருப்பதைச் சுற்றறிக்கையில் படித்தேன். முதல் பட்டியல் ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டது. 7ஆம் வகுப்பில் படிக்கும் என் மகனின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஓர் எண் இருக்கிறது. இந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டேன். "பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காகத்தானே செய்கிறோம்" என்ற ஒரு வரியோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய விஷயம் இதுவல்ல என்பதால், மற்ற பெற்றோரும் படிக்கும்படியாக இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பிள்ளைகள் ஓடியாடுவது குறைந்துவிட்டது என்பதும், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கவலைக்கு மருந்தென்று நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழி, ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை என் வீட்டில் பார்த்தவள் நான்.

என் மகள் இதே பள்ளியில்தான் படிக்கிறாள். அவளுக்கு 13 வயதாக இருந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனையில், வரிசையில் நின்ற பிள்ளைகளின் எடையை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் எழுதிக்கொண்டார். அன்று மாலைக்குள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் முதலில் இனிப்பை நிறுத்தினாள். பிறகு காலை உணவை. பிறகு, பள்ளிக்குக் கொண்டுபோன உணவு தொடப்படாமலே திரும்பி வரத் தொடங்கியது. உடற்கல்வி வகுப்பு நாளில் வயிற்று வலி என்று வீட்டில் தங்கினாள், ஏனென்றால் விளையாட்டு உடையில் மற்றவர்கள் முன்னால் நிற்க அவளுக்கு மனமில்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு உடற்பயிற்சி செய்தாள். எடை குறைந்தது. அதைப் பார்த்த ஆசிரியர்கள் பாராட்டினார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தியதாக அவளே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் உங்கள் அட்டவணையில் அவளுடைய எண்ணைத் தேடியிருந்தால், "சரியான எடை" என்ற கட்டத்துக்குள்தான் அது இருந்திருக்கும். எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கவைக்கும் அனோரெக்சியா என்ற மனநோய் அவளை முழுமையாகப் பிடித்திருந்ததும் அப்போதுதான். பள்ளி வளாகத்தில் ஒரு காலை அணிவகுப்பில் அவள் மயங்கி விழுந்தாள். மருத்துவர் முதலில் எடையைக் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். துடிப்பு நிமிடத்துக்கு 50க்கும் கீழே இருந்தது. மாதவிடாய் நின்றிருந்தது, கைகள் எந்நேரமும் குளிர்ந்திருந்தன, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் எத்தனை கிலோ குறைந்தாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதைப் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளை அதைத் தன் இலக்காக வைத்துக்கொள்ளும். இந்த நோயின் இயல்பு அப்படிப்பட்டது.

உடலுக்கு வேண்டிய உணவு கிடைக்காதபோது அது கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. இதயமும் ஒரு தசைதான். செலவைக் குறைப்பதற்காக உடல் நாடியையும் உடல் வெப்பத்தையும் தாழ்த்துகிறது; உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை, அதாவது இனப்பெருக்க ஹார்மோன் சுரப்பையும் முடி வளர்ச்சியையும், நிறுத்தி வைக்கிறது. வாந்தியெடுத்தும் பேதி மாத்திரை விழுங்கியும் எடையைக் குறைக்கப் பார்க்கும் பிள்ளைகளுக்கு உடலில் பொட்டாசியம் என்ற தாது உப்பு சரிந்து, இதயத் துடிப்பு திடீரென ஒழுங்கு தப்பும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு மீண்டும் உணவு கொடுப்பதுகூட எளிதான காரியம் அல்ல. அவசரப்பட்டு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பின் அளவு சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், என் மகளுக்கு ஒவ்வொரு நாளும் இரத்தம் எடுத்துப் பார்த்தபடிதான் உணவின் அளவை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். இந்த நோய், மனநோய்களிலேயே மிக அதிகமாக உயிரைப் பறிப்பவற்றுள் ஒன்று. இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார்கள். இதை வளரிளம் பருவத்தின் பிடிவாதம் என்றோ அழகு மோகம் என்றோ யாராவது சொல்லும்போது எனக்குப் பதறுகிறது.

பிடிவாதம் அல்ல என்பதற்கு 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனை ஒன்று போதும். உடலாலும் மனதாலும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்களுக்கு, 24 வாரங்கள், வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதி மட்டுமே கொடுக்கப்பட்டது. அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள் என்பதைவிட, அவர்கள் மனதுக்கு நேர்ந்ததுதான் முக்கியமானது. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள்; சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள்; தட்டில் இருந்ததைத் துண்டு துண்டாக்கி வெகுநேரம் தின்றார்கள்; நண்பர்களிடமிருந்து விலகினார்கள்; எரிந்து விழுந்தார்கள்; சோர்விலும் துயரத்திலும் மூழ்கினார்கள். மறுபடி உணவு கிடைத்தபோது, சிலரால் எவ்வளவு உண்டும் நிறுத்த முடியவில்லை. இந்த விவரங்களைப் படித்தபோது, வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் ஒரு வாய்கூட உண்ணாமல் எழுந்துபோன என் மகளை நான் அப்படியே அதில் கண்டேன். பட்டினிதான் மனதை அப்படி ஆக்குகிறது. அந்த 36 பேரும் வளர்ந்த ஆண்கள். எந்த நாளில் பட்டினி முடியும் என்று தெரிந்தவர்கள். 13 வயதுப் பெண்ணுக்கு அப்படியொரு முடிவுநாளை யார் சொல்வார்கள்?

வளரும் வயதில் பட்டினி செய்யும் சேதம் வேறு விதமானது. ஒருவர் வாழ்நாளில் சேர்த்துக்கொள்ளும் எலும்பு வலிமையின் மிகப் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்கு உணவு குறையும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைந்து, எலும்பு சேர வேண்டிய அந்த ஆண்டுகளிலேயே எலும்பு கரைகிறது. என் மகளின் எடை திரும்பிவிட்டது, மாதவிடாயும் திரும்பிவிட்டது. எலும்பு அடர்த்தியில் எவ்வளவு திரும்பும் என்று கேட்டால் மருத்துவர் இன்றும் உறுதி சொல்லத் தயங்குகிறார்.

இனி நீங்கள் அறிவித்திருக்கும் போட்டிக்கு வருகிறேன். இந்தப் போட்டியில் வெல்லப்போவது யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் விளையாடி, நன்றாக உண்டு, நன்றாக உறங்கும் பிள்ளை மூன்று மாதத்தில் பெரிதாக எடை குறையாது. வளரும் வயதில் எடை கூடுவதுதான் இயற்கை. உணவை அறவே விட்ட பிள்ளை, தண்ணீர் குடிக்காமல் எடை இயந்திரத்தில் ஏறும் பிள்ளை, விரலை விட்டு வாந்தியெடுக்கும் பிள்ளை, இவர்களில் ஒருவர்தான் முதலிடத்துக்கு வருவார். அதாவது, உங்கள் மேடையில் கோப்பை வாங்கப்போகும் பிள்ளைதான் இந்தப் பள்ளியிலேயே அவசரமாக மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளையாக இருக்கக்கூடும். நீங்கள் அந்தப் பிள்ளைக்குக் கைதட்டுவீர்கள். என் மகளுக்குக் கைதட்டியது போல.

உணவைக் கடுமையாகக் குறைத்த முதல் சில நாள்களில் மளமளவென்று குறைவது பெரும்பாலும் கொழுப்பு அல்ல. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரையும், அதனோடு பிணைந்திருந்த அதைப் போல் மூன்று நான்கு மடங்கு எடையுள்ள நீரும்தான் வெளியேறுகின்றன. எடை இயந்திரத்துக்கு நீருக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு தெரியாது. எடையைக் கொண்டு போட்டியாளரை அளக்கும் இடங்களில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வரலாறும் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக உடல் நீரை வற்றவைக்கும் முயற்சியில் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். வலுவான, பயிற்சி பெற்ற இளைஞர்கள். அதன் பிறகுதான் எடை பார்க்கும் விதிகள் அங்கே மாற்றப்பட்டன. நம் பள்ளியில் விதியை மாற்றுவதற்கு அப்படி ஏதும் நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

கடும் உணவுக் கட்டுப்பாடு இந்த நோய்க்கு வாசலாகிறது என்பது என் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், கடுமையாக டயட் இருந்த பெண்பிள்ளைகளுக்கு, டயட் இல்லாதவர்களைவிட உணவு சார்ந்த மனநோய் உண்டாகும் வாய்ப்பு 18 மடங்கு இருந்தது. மிதமாக இருந்தவர்களுக்குக்கூட 5 மடங்கு. பள்ளியில் எடை பார்த்து வீட்டுக்கு அறிக்கை அனுப்புவதால் பயன் உண்டா என்பதைக் கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அறிக்கை அனுப்பியதால் பிள்ளைகளின் உடல் நிறைக் குறியீட்டெண்ணில் முன்னேற்றம் ஏதும் ஏற்படவில்லை. மாறாக, பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளிடம் தம் உடலைப் பற்றிய அதிருப்திதான் அதிகரித்தது. அங்கே அறிக்கை வீட்டுக்குத்தான் போனது. இங்கே நீங்கள் சுவரில் ஒட்டுகிறீர்கள்.

அந்தப் பட்டியலிலேயே அடிப்படைப் பிழை ஒன்றும் இருக்கிறது. குறியீட்டெண் 18.5க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு, 25க்கு மேலே இருந்தால் எடை மிகுதி என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். அவை வளர்ந்தவர்களுக்கான எல்லைகள். பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் பொறுத்து எல்லை மாறும்; அதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கென 2007இல் தனி வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது. அதன்படி 12 வயதுச் சிறுவர்களின் குறியீட்டெண்ணுக்கு நடுமதிப்பு 17.5 அளவில் இருக்கிறது. என் மகனின் எண்ணும் கிட்டத்தட்ட அதுதான். முற்றிலும் நலமாக இருக்கும் பையனுக்கு நீங்கள் சிவப்பு மை பூசி, எடைக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இதே அளவுகோலால், கவனிக்கப்பட வேண்டிய சில பிள்ளைகள் நலம் என்று விடப்பட்டும் இருப்பார்கள். இந்தக் குறியீட்டெண்ணின் சூத்திரம் 1830களில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர், பெருந்திரளான மக்களின் சராசரியை அறிய உருவாக்கியது. ஒரு தனிப் பிள்ளையின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, பருவமடையும் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் அந்தப் பிள்ளை இருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லாது.

பட்டியல் ஒட்டப்பட்ட மறுநாள், புரோட்டீன் பவுடர் வாங்கித் தர முடியுமா என்று என் மகன் கேட்டான். வகுப்பில் அவனை எலும்புக்கூடு என்று அழைக்கிறார்களாம். உடலை வெறுப்பது பெண்பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். தசை போதவில்லை, மார்பு விரியவில்லை என்று ஆண்பிள்ளைகள் தம்மை வருத்திக்கொள்வதும் அதே நோயின் மறுபக்கம்தான். வீட்டில் வாய்திறந்து சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லாததால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

பருமனான உடல்வாகுள்ள பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் திட்டமே அவர்களுக்காகத்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். அவர்கள் பட்டினி கிடந்தால் யாரும் நோய் என்று பார்ப்பதில்லை, முயற்சி என்றுதான் பார்க்கிறோம். ஆனால் எடை இன்னும் சராசரியிலோ அதற்கு மேலோ இருக்கும்போதே நாடித் தாழ்வும் மயக்கமும் மாதவிடாய் நிற்பதும் மெலிந்தவர்களுக்கு வருவது போலவே அவர்களுக்கும் வருகின்றன. கேலிக்கு ஆளான பிள்ளை அதிகம் ஓடுவதில்லை. விளையாட்டுத் திடலையே தவிர்க்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பருமனையும் உணவுக் கோளாறுகளையும் ஒருசேரத் தடுக்க மருத்துவர்களுக்குச் சொன்னது இதைத்தான்: டயட்டை ஊக்குவிக்காதீர்கள், எடையைப் பற்றிய பேச்சையும் கேலியையும் குறையுங்கள், குடும்பமாக உட்கார்ந்து உண்பதை ஊக்குவியுங்கள்.

என் மகள் மீண்ட வழியும் இதை ஒட்டியதுதான். வீட்டிலிருந்த எடை இயந்திரத்தை அகற்றினோம். மருத்துவக் குழு சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வேளையும் நானோ அவள் அப்பாவோ அவளோடு உட்கார்ந்து உண்டோம்; தட்டைக் காலி செய்ய அவள் அழுத நாள்களில் அவளோடு சண்டையிடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் உடம்பைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். மெலிந்துவிட்டாய் என்பது அவள் காதில் பாராட்டாக விழும். நன்றாகத் தேறிவிட்டாய் என்பது குண்டாகிவிட்டாய் என்று விழும். நலம் விசாரிக்கிறவர்களுக்கு இது புரிவதற்கு வெகுகாலம் ஆயிற்று. கைப்பேசியில் அவள் பின்தொடர்ந்த படங்களில் எவ்வளவு திருத்தம் நடக்கிறது என்று அவளுடைய உளவியல் ஆலோசகர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இப்போது அவள் மறுபடி நீந்துகிறாள். எத்தனை கலோரி எரிந்தது என்ற கணக்கு இல்லாமல், நீருக்குள் தன் கை கால்கள் செய்யும் வேலையை ரசித்து நீந்துகிறாள். தன் உடல் எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து அது என்னவெல்லாம் செய்கிறது என்பதற்கு அவள் கவனம் திரும்பியதுதான் சிகிச்சையின் பாதி. இவ்வளவையும் மாதக்கணக்கில் மெல்லக் கட்டியெழுப்பிய பிறகு, தினமும் உட்காரும் வகுப்பறையின் சுவரில் அவள் தன் எடையையும் தோழிகளின் எடையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறீர்கள்.

அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், எடையை இனிமேல் உரக்கப் படிக்க வேண்டாம் என்று மருத்துவர் சான்றோடு பள்ளி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை அதன் நகலில் இருக்கிறது. பதில் வரவில்லை. வந்தது இந்தச் சுற்றறிக்கைதான்.

ஆகவே நான் கேட்பவை இவை. எல்லா வகுப்பறைகளிலிருந்தும் எடைப் பட்டியலை இந்த வாரமே அகற்றுங்கள். எடை குறைப்புப் போட்டியை ரத்து செய்து, ரத்து செய்த செய்தியை மாணவர்களிடமும் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் சில பிள்ளைகள் இதற்குள் பட்டினியைத் தொடங்கியிருப்பார்கள். எடை பார்ப்பது மருத்துவக் காரணத்துக்காகத் தேவை என்றால், பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, தனியறையில், மருத்துவப் பணியாளர் மட்டும் பார்க்கட்டும்; வயதுக்குரிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டு, முடிவைப் பெற்றோருக்கு மட்டும் தெரிவியுங்கள்.

பிள்ளைகள் உடலை அசைக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேர்வு நெருங்கும்போதெல்லாம் உடற்கல்வி நேரத்தை வேறு பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். நன்றாக ஓடுபவருக்கு மட்டுமல்லாமல் எல்லா உடல்வாகுள்ளவர்களும் கூச்சமின்றிச் சேர்ந்து விளையாடும்படி அந்த நேரத்தை அமையுங்கள். உணவு இடைவேளையில் பாடம் எழுதவைப்பதும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு, உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக, இந்த நோயின் அறிகுறிகளைப் பற்றித் தகுதியுள்ள மருத்துவரைக்கொண்டு பயிற்சி கொடுங்கள்: தொடப்படாத உணவுப் பெட்டி, சாப்பிட்டவுடன் கழிவறைக்கு ஓடுவது, எந்தக் காலத்திலும் குளிருக்கு உடுப்பது போல் உடுத்துவது, அடிக்கடி மயக்கம், விருந்து நாளில் விடுப்பு. இவற்றைக் காணும் ஆசிரியர் அடுத்து யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த நடைமுறை ஒன்று இருக்க வேண்டும். உடம்பை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதை மற்ற துன்புறுத்தல்களைப் போலவே கருதி நடவடிக்கை எடுங்கள். ஒரு பிள்ளை மெலிந்ததையோ பருத்ததையோ வகுப்பில் வைத்துப் பேசுவதில்லை என்ற விதி ஆசிரியர்களுக்கும் பொருந்தட்டும்.

இந்த மடலுக்கும், முத்திரையோடு உங்கள் அலுவலகத்தில் கிடக்கும் என் முந்தைய கடிதத்துக்கும், அடுத்த முறை எடை பார்க்கும் நாளுக்கு முன்பாக எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறேன். அதுவரை என் மகளையோ மகனையோ அந்த வரிசையில் நிறுத்துவதற்கு எனக்குச் சம்மதம் இல்லை என்பதையும் இம்மடலின் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இப்பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளின் தாய்